பன்னிரண்டு ஜாக்கெட்

படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் பன்னிரண்டுதான் இருந்தது. காசு கொடுத்து வந்த விருந்தாளிகளும் பன்னிரண்டு பேர். விடுதியின் சலவை அறையில் பதினோரு வருஷம் உழைத்ததற்குப் பரிசாக இந்தத் தீவுச் சுற்றுலாவுக்கு அனுப்பப்பட்ட புருஷனும் பெண்டாட்டியும் ஓரமாக நின்றார்கள்.

"நீங்க நம்ம ஆளுங்க, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க," என்றார் படகுக்காரர்.

"எனக்கெதுக்குண்ணே ஜாக்கெட்? இந்தத் தொப்பை போதும், மிதந்துருவேன்," என்றான் புருஷன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளாக இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை.

தீவென்றால் பவளப்பாறைக்கு நடுவே ஒரு மணல் திட்டு. மூன்று மணிக்கு மேல் கடல் ஏறி அதை மூடிவிடும். அதுவரை பாறைமேல் இடுப்பளவுத் தண்ணீர்தான். "ஏய், இங்க பாரேன், நீலக் கலர்ல மீனு!" என்று அவன் கத்தினான். அவள் வந்து பார்ப்பதற்குள் ஒரு விருந்தாளியம்மாவின் கறுப்புக் கண்ணாடி தண்ணீரில் விழுந்து அலையோடு போயிற்று. "இருங்கம்மா, எடுத்துத் தரேன்," என்று பாறையின் மறுபக்கம் நடந்தான். விருந்தாளி வாயைத் திறந்தால் ஓடுகிற பழக்கம், லீவு நாளில் மட்டும் விடுமா?

அவளையும்தான் சும்மா விட்டார்களா? "தங்கச்சி, துண்டெல்லாம் ஈரமாக் கிடக்கு, பிழிஞ்சு மடிச்சுக் குடேன்," என்று படகுக்காரர் கூப்பிட, படகின் கீழ் அறைக்குப் போனாள். மேலே அவர் வழக்கம்போல ஜாக்கெட்டை எண்ணினார். பன்னிரண்டும் இருந்தன. படகு கிளம்பியது.

புருஷன் மேலே வாயடித்துக்கொண்டிருப்பான் என்றே நினைத்தாள். கடைசித் துண்டை மடித்துவிட்டு ஏறி வந்தபோது திட்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் எங்க?"

"எல்லாரும் ஏறியாச்சே. ஜாக்கெட் சரியா..." அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ, அவருக்கு நீச்சல் தெரியாதுண்ணே! திருப்புங்க!"

அவர் மேலாளருக்குப் போன் போட்டார். "கெஸ்டுக்கெல்லாம் ஃப்ளைட் இருக்கு. முதல்ல அவங்கள இறக்கு, அப்புறம் போய்க் கூட்டிட்டு வா," என்றது போன். அவள் எத்தனையோ பேர் காலைப் பிடித்தாள். மணி மூன்றேகால்.

துறையில் இறங்கும்போது அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். "அவர் வந்ததும் கண்ணாடிய ரிசப்ஷன்ல குடுத்துரச் சொல்லும்மா."

விருந்தாளிகள் இறங்கியதும் படகு அவளோடு திட்டுக்குத் திரும்பியது. படகுக்காரர் ஒரு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். "போட்டுக்க தங்கச்சி." போட்டுக்கொண்டாள். அவனுக்கென்று இன்னொன்றை எடுத்து, வார்களைச் சிக்கெடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திட்டு இருந்த இடத்தில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். நாலா பக்கமும் கடல்தான் இருந்தது. அவள் மடியிலிருந்த ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க, இந்தாங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.