ஒன்றும் ஒன்றும் சேராத வீடு

ஒன்று தெரிந்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிடும் இயந்திரங்களை, மனிதரைப் போலப் பாதி மட்டும் தெரிந்திருக்கப் பழக்குவதற்காக வீடுகளில் விடுவது வழக்கம். தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் வீட்டுக்கு ஒன்று வந்தது. ஆள் உயரம், நல்ல பணிவு. அவளை அக்கா என்றது; அவள் தம்பி என்றாள்.

பழகாதவற்றைப் பிரித்து உருக்கிவிடுவார்கள். இதற்கு முன் அவளிடம் வந்த இரண்டும் அப்படித்தான் போயின. அதனால் இதன்மேல் அவளுக்குக் கூடுதல் கவலை.

மழை வரும் என்று சொன்னால் போதும், எதிர்வீட்டு ரோசம்மாள் அடுத்த வாரம் யாரோடு சண்டை போடுவாள் என்பதுவரை தம்பிக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை அடக்கிவைக்கவும் தெரியாது.

முதல் நாளே ஜெசிந்தாவின் கணவர் லூர்து வேலை முடிந்து தாமதமாக வந்தார். "சங்கக் கூட்டம் இழுத்துட்டுது" என்றார். கேரம் ஆடுவதில்லை என்று கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தவர். விரல் நுனியில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது.

"அத்தான், நீங்க..." என்று தம்பி ஆரம்பித்தது. ஜெசிந்தா அதன் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போனாள்.

"கூட்டத்துல பவுடர் கிடையாதுக்கா. கேரம் பலகையில உண்டு. அப்போ..."

"பவுடர் எனக்கும் தெரியும். அவுக கூட்டத்துக்குப் போனதும் தெரியும்."

"ரெண்டும் சேர்ந்தா மூணாவது வந்துருமே."

"சேர விட்டாத்தானே வரும்? ஒண்ணை இங்க வை. ஒண்ணை முன்னறையில வை. நடுவுல கதவைச் சாத்து."

தம்பி பவுடரை அடுக்களையிலேயே விட்டது. கூட்டத்தை முன்னறைக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தது. இரண்டும் ஒன்றையொன்று தேடின; கதவு முனகியது. தம்பி அதில் முதுகைச் சாய்த்து நின்றது. மறுநாள் முனகல் அடங்கியதும், மழையைக் கொல்லையிலும் ரோசம்மாளின் சண்டையை மச்சிலும் வைத்தார்கள். வீடு கொஞ்சம் நெருக்கடியானது. ஆனால் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

அடுத்த முறை லூர்து தாமதமாக வந்தபோது தம்பி செம்பில் தண்ணீரோடு நின்றது. "கூட்டத்துல இவ்வளவு நேரம் உட்கார வச்சிட்டாங்களே அத்தான், இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டது. லூர்துவுக்கு என்னவோ போலானது. அன்றைக்கு அவரே உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொடுத்தார். ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி செண்பகநாதன் சோதிக்க வந்தார். முன்பு வந்த இரண்டும் அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிக் கெட்டவை.

"இந்தத் தெருக் காக்கா எல்லாமே கறுப்பு. உங்க மதில்மேல உட்கார்ந்திருக்கிறது இந்தத் தெருக் காக்கா. அது என்ன நிறம்?"

ஜெசிந்தா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பி யோசித்தது. மோட்டுவளையைப் பார்த்தது. தலையைச் சொறிந்தது.

"தெரியலையே சார். இருங்க, பார்த்துட்டு வந்துடுறேன்."

அது வெளியே போனதும் அதிகாரி நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்தார். "தேறிட்டான்மா. இனி இங்கேயே இருக்கட்டும்" என்றார். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

தம்பி திரும்பி வந்தது. "பச்சை, சார்."

மூவரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். காகம் பச்சையாகத்தான் இருந்தது. ஜெசிந்தா அதற்கு ஒரு மீன்தலையை வீசிவிட்டு, அதிகாரிக்கு இலை போட உள்ளே போனாள்.