சோலைமலையின் தகடு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில் அன்று காலையிலிருந்தே ஒரே அமர்க்களம். அங்கே செய்யும் இஞ்சித் தேயிலையை வெளிநாட்டு யூதர்கள் கேட்டிருந்தார்கள். ஆனால், தங்கள் சாப்பாட்டுச் சட்டத்துக்கு அது ஒத்துவருகிறதென்று அவர்களுடைய குருவே வந்து பார்த்து, ‘கோஷர்’ சான்றிதழ் கொடுக்க வேண்டுமாம்.

இஞ்சி காயவைப்பது பூரணியின் வேலை. டிரையர் அடுப்பின் மேலிருக்கும் இரும்புத் தகட்டில் துண்டுகளைப் பரப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தகடு இருக்கிறதே, அது அவளுக்குச் சும்மா இரும்பில்லை.

இஞ்சியெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்னால், அந்த அடுப்புக்கு விறகு போட்டவன் சோலைமலை. கொழுந்து நிறுக்க வரும் பெண்களின் ரொட்டி மலைக் குளிரில் விறைத்து ஓடாகக் கிடக்கும். வாங்கித் தகட்டின் ஒரு மூலையில் போட்டுச் சூடாக்கிக் கொடுப்பான். “எல்லாருக்கும் ஒரு பக்கந்தான்” என்று அதட்டல் வேறு. பூரணியின் ரொட்டியை மட்டும் இரண்டு பக்கமும் திருப்புவான். “ஒனக்கு மட்டும் என்னடி ராஜ கவனிப்பு?” என்று கூடக் கொழுந்து பறித்த ராக்காயி கிண்டல் பண்ணிப் பண்ணியே கல்யாணத்தில் கொண்டுவந்து விட்டாள்.

பாவி மனுசன், போன வருசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பூரணி இன்னமும் மத்தியானத்தில் இஞ்சியை ஒதுக்கிவிட்டு, அதே மூலையில்தான் தன் ரொட்டியை வைப்பாள்.

கறுப்புத் தொப்பியும் நரைத்த தாடியுமாக வந்த குரு, அந்த மூலையின் எண்ணெய்க் கறையைப் பார்த்து நின்றுவிட்டார். தரம் பார்க்கும் அதிகாரி சிவரூபன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவர் கேட்டதைத் தமிழில் சொன்னான்.

“அக்கா, இதில வேற என்ன சூடாக்கிறனீங்கள் எண்டு கேக்கிறார்.”

யூதர்களுக்கு எல்லா இறைச்சியும் ஆகாது என்று பூரணி காதில் விழுந்திருந்தது. “சத்தியமா எறைச்சி கிறைச்சி ஒன்னும் இல்லீங்கய்யா. ரொட்டியும் கூனிச் சம்பலுந்தான்” என்றாள் பெருமையாக.

சிவரூபன் நெற்றியில் அடித்துக்கொண்டான். கூனி என்பது பொடி இறால். அந்தச் சட்டத்தில் இறால் ஆகவே ஆகாது. நல்லது சொல்லப்போய் வினையை விலைக்கு வாங்கிவிட்டாள் பூரணி.

குரு கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார்.

“சூட்டில பட்ட சாப்பாட்டின்ர ருசியை இரும்பு உள்ளுக்க இழுத்து வச்சிருக்குமாம்” என்றான் சிவரூபன். “செக்கச் சிவக்க எரிச்சால்தான் விடுமாம். பின்னேரமே எரிச்சுப்போடுவம் அக்கா. சான்றிதழ் கிடைச்சிடும்.”

“கழுவுனா போகாதுங்களா?”

“போகாதாம்.”

அந்த மூலையில் சோலைமலை இன்னும் இருக்கிறான் என்று பூரணி யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். கடல் தாண்டி வந்த சாமியல்லவா இப்போது சொல்கிறார்! அதே வாயால் எரிக்கவும் சொல்கிறாரே!

“எரிச்சிராதீங்க சாமி!” குருவிடம் நேரே தமிழிலேயே கேட்டாள். “புதுத் தகடு போட்டுக்குங்க. இத எனக்குக் குடுத்துருங்க. அவரு கைபட்டது.”

சிவரூபன் தட்டுத்தடுமாறி அதை ஆங்கிலத்தில் சொன்னான். குரு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆருடைய கை எண்டு கேக்கிறார்.”

“என் வீட்டுக்காரரு.”

குரு தகட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். புதுசு போட்டால் சான்றிதழுக்குத் தடையில்லை என்றார். பழசைக் கொடுத்துவிடச் சிவரூபனும் ஒத்துக்கொண்டான்.

சாயந்தரம் இரண்டு பேர் தகட்டை லயத்து வீட்டுக்குத் தூக்கிவந்து பூரணியின் அடுப்பில் வைத்தார்கள். ராக்காயி ஓடிவந்தாள். “அடியாத்தி, ஃபெக்டரியவே பேத்துக் கொண்டாந்துட்டியா?”

பூரணி காலையில் சுட்ட ரொட்டிகளை அந்த மூலையில் வைத்தாள். கொஞ்சம் சூடேறியதும் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“என்னடி, மேல இன்னும் ஜில்லுன்னு இருக்கு?”

“எல்லாருக்கும் ஒரு பக்கந்தான்” என்றாள் பூரணி, அவன் அதட்டுகிற மாதிரியே. சொல்லிவிட்டுத் தன் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.