ஆச்சரியக்குறி இல்லாத பிழை

"கொஞ்சம் வாயேன்" என்று அண்ணன் கூப்பிட்டதும் பாப்பா பாதி எழுந்துவிட்டாள். அவன் கூப்பிட்டது அண்ணியை.

எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆள் வளர்ந்து இயற்பியலில் முதுகலை முடித்தும் பெயர் வளரவில்லை. வீட்டின் முன்னறைதான் அலுவலகம். கல்லூரிக் கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துப் பதிப்பகங்களுக்குக் கொடுப்பது தொழில். அண்ணன் வேலை பிடித்து வருவான், மெய்ப்புப் பார்ப்பான். கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். லினக்ஸ் போடுவது, அதில் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளை நிறுவுவது, சூத்திரங்கள் நொண்டினால் வைத்தியம் பார்ப்பது எல்லாம் பாப்பாதான். "பாப்பா, இது என்னமோ திட்டுது, வந்து பாரு" என்று நாள் முழுக்க ஒரே கூப்பாடாக இருக்கும். அவள் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பில் அவளுக்கு ஒரு தனி ருசி இருந்தது.

பிறகு அண்ணி வந்தாள். அவளும் ஓர் ஆய்விதழில் இதே வேலையைப் பார்த்தவள். அந்தப் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லியே கல்யாணத்தை முடித்திருந்தார்கள். பாப்பா அவளை இதுவரை "அண்ணி" என்று கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்" என்றே காலத்தை ஓட்டிவந்தாள்.

போன வாரம் புது மெஷின் வந்தது. அண்ணன் அதை அண்ணியின் மேசையில் வைத்தான்.

"இனிமே பெரிய புக்கெல்லாம் இதுல போகட்டும். அது பழசு, திணறுது."

"எதைச் சொல்றே, என் மெஷினையா, என்னையா?" என்றாள் பாப்பா.

"ரெண்டும் ஒரே சத்தம்தான் போடுது."

அண்ணி சிரித்தாள். பாப்பாவும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

இன்றைக்கு அந்தப் புது மெஷினுக்குச் சோதனை. தடிமனான நுண்கணிதப் புத்தகம் ஒன்று அதில் ஒழுங்காக வந்துவிட்டால், அண்ணிதான் இனி எல்லாவற்றுக்கும். "சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா பாப்பா மெஷின்லயே விட்டுடலாம்" என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

வரவில்லை. பிழை என்று திரையில் ஒன்றுமே இல்லை. ஆனால் எடுத்துக்காட்டுக் கணக்குகளைச் சுற்றியிருக்கும் கட்டங்கள் பக்கத்தின் அடியில் இரண்டாக உடையாமல், அப்படியே அடுத்த பக்கத்துக்குத் தாவின. தாவிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது.

ஏன் என்று பாப்பாவுக்குத் தெரியும். கட்டம் போடும் பேக்கேஜைப் பிரதி எடுத்து, கட்டங்கள் ஒழுங்காக உடையும்படி திருத்தி, அதே பெயரில் தன் மெஷினில் தன் சொந்த ஃபோல்டரில் எப்போதோ போட்டு வைத்திருந்தாள். லேடெக் முதலில் அங்கேதான் தேடும். கிடைத்துவிட்டால் பொது ஃபோல்டருக்குப் போகாது. அன்று அவசரத்தில் செய்த வேலை. பிறகு, புத்தகங்கள் தன் மெஷினில் மட்டுமே ஒழுங்காக வருகின்றன என்று கண்டதும், அதை அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது அவள் செய்யவேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான்.

காலை முழுக்க அண்ணி பேக்கேஜை நீக்கினாள், நிறுவினாள். பிறகு லேடெக்கையே மொத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். கட்டங்கள் தாவிக்கொண்டே இருந்தன. அண்ணன் டீ கொண்டுவந்து அண்ணியின் மேசையில் வைத்தான்.

"எனக்கு?"

"உள்ள இருக்கு பாப்பா, எடுத்துக்கோ."

மதியத்துக்கு மேல் அண்ணி எதையும் நிறுவவில்லை. கன்னத்தில் கை வைத்து, திரையில் எதையோ மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டிருந்தாள். சோர்ந்துவிட்டாள் என்று பாப்பா நினைத்தாள். அடிக்கடி ஓரக்கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அண்ணன் வந்தான். "வந்துச்சா?"

"இல்ல. பாப்பா மெஷின்லயே போகட்டும்" என்றாள் அண்ணி.

"சரி, பாப்பா பாத்துக்கோ" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஜெயித்தாயிற்று. இருந்தும் பாப்பாவுக்கு அது போதவில்லை; அண்ணி வாயாலேயே கேட்கவேண்டும் போலிருந்தது.

"கடைசிவரைக்கும் எங்க தப்புன்னே தெரியலையா?"

"தெரிஞ்சுதே" என்றாள் அண்ணி. "கட்டத்தோட ஃபைல் உன் ஃபோல்டர்லருந்து வருது."

பாப்பாவுக்குக் காது சூடானது. "என் மெஷினைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடணும்? நீ குடுத்த புக்கோட உன் லாக் ஃபைலும் வந்துச்சு. எந்த ஃபைலை எங்கருந்து எடுத்துச்சுன்னு வரிசையா எழுதியிருக்கே."

லேடெக் ஒவ்வொரு முறை ஓடும்போதும் லாக் எழுதும், ஆயிரக்கணக்கான வரிகள். பிழை இருந்தால் அந்த வரி ஆச்சரியக்குறியோடு தொடங்கும். பாப்பா எப்போதும் ஆச்சரியக்குறியைத் தேடுவாள், இல்லையென்றால் மூடிவிடுவாள். இதில் ஆச்சரியக்குறியே கிடையாது.

"முழுசாவா படிச்சீங்க?"

"மதியத்துலருந்து அதானே பண்ணிட்டிருக்கேன். நீதான் பாத்துக்கிட்டே இருந்தியே."

"அப்ப அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் ஃபைலு. நீ குடுத்தா வாங்கிக்கலாம்னு இருந்தேன். நீ குடுக்கறதா இல்ல." அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை.

அதுதான் பாப்பாவுக்குத் தாங்கவில்லை. லாக்கைத் தலையிலிருந்து கால்வரை படிக்கும் பொறுமை ஒரு பக்கம். படித்ததை வைத்துக்கொண்டு தோற்றுப்போகும் தாராளம் இன்னொரு பக்கம். இரண்டுமே தன்னிடம் இல்லை. எதற்கு முதலில் பொறாமைப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பென்டிரைவைச் செருகி ஃபைலை எடுத்தாள். கொண்டுபோய் அண்ணியின் விசைப்பலகைமேல் வைத்தாள்.

அண்ணி அதைப் பொது ஃபோல்டரில் போட்டு, புத்தகத்தை மறுபடி ஓட்டினாள். கட்டங்கள் தாவின. பெயரைச் சரிபார்த்தாள், ஓட்டினாள். மறுபடியும் தாவின. பாப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து, விரலால் மேசையைத் தட்டியபடி, எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்று பார்த்தாள். அதிக நேரம் தாங்கவில்லை.

எழுந்துபோய் அண்ணியின் தோள்மேலாகக் கை நீட்டி, ஃபைல் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையை அடித்தாள். பொது ஃபோல்டரில் புதிதாக எதைப் போட்டாலும், இதை அடிக்காதவரை லேடெக்கின் கண்ணுக்குத் தெரியாது.

புத்தகம் ஓடியது. கட்டங்கள் பக்கத்தின் அடியில் அழகாக உடைந்து, அடுத்த பக்கத்தில் தொடர்ந்தன.

"அட, இது எனக்குத் தோணவே இல்ல" என்றாள் அண்ணி. "எங்க எழுதியிருக்கு இது?"

அன்று முதல்முறையாகப் பாப்பாவுக்கு மூச்சு சீராக வந்தது.

"அதெல்லாம் லாக்ல இருக்காது, அண்ணி."