எல்லோரும் நல்ல வாசம் என்றார்கள்

1

இந்தக் கதையை நான் உருவாக்கவில்லை. என் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது ஜெனிற்றா சொன்னது. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு சொன்னதால் பாதிதான் விளங்கியது. மீதியை மறுநாள் போய்க் கேட்டேன்.

"எழுதட்டோ?"

"எழுதுங்கோ அக்கா. ஆனால் அழுகைக் கதையாக்கிப் போடாதேங்கோ."

அவள் சொல்லைக் கேளாமல் நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

[கடற்காற்று விம்மிய ஒரு துயர மாலையில், வாசனைகளைத் தொலைத்த பெண்ணொருத்தி குருநகர்க் கரையில்…]

வேண்டாம். நடந்தது பட்டப்பகலில், வீட்டுக்குள். காற்றுக்கூட இருக்கவில்லை.

2

ஜெனிற்றா குருநகரில் தையல் தைக்கிறாள். கணவன் றஞ்சித் கடற்றொழிலாளி. இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மூக்கின் மணம் அறியும் சக்தியைக் கொண்டுபோய்விட்டது. "வந்தாலும் வரும், வராமலும் விடும்" என்றார் டொக்ரர்.

முதலில் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒருநாள் பையில் மறந்துகிடந்த மீனைக் குழம்பு வைத்தாள். றஞ்சித் உட்கார்ந்து சாப்பிட்டான். எப்படி என்று கேட்டாள். "நல்லாயிருக்கு" என்றான். பின்னேரம் அவனுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

(இந்த இடத்தில் எனக்கு றஞ்சித்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஒரு பாத்திரம் தன் தொழிலுக்கு மாறாக நடந்தால் வாசகர் உடனே பிடித்துவிடுவார்கள். ஆகவே கேட்டேன்.)

"மீன் பிடிக்கிற ஆளுக்கு மீன் பழுதானது தெரியாதோ?"

"தெரியும் அக்கா. முதல் வாயிலையே தெரிஞ்சதாம்."

"பிறகேன் சாப்பிட்டவர்?"

"நான் பக்கத்திலை நிண்டு அவரின்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தனாம்."

அதன் பிறகு அவனை நான் மாற்ற முயலவில்லை. ஆனால் ஜெனிற்றாவுக்கு அன்றிலிருந்து ஒன்று உடைந்துபோனது. "நல்லாயிருக்கு" என்று யார் சொன்னாலும் அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. வேறு மூக்கு அவளிடம் இல்லையே.

3

றஞ்சித்தின் தங்கை லவீனாவுக்குக் கலியாணம் பொருந்தியது. உலர்ந்த பூவிதழ்களையும் வாசனைப் பட்டைகளையும் கலந்து, சின்ன வலைத்துணிப் பைகளில் கட்டி, வருகிறவர்களுக்குக் கொடுப்பதை அவள் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள்.

"மச்சாள், நீங்கள்தான் செய்து தரோணும்."

"எனக்கு மூக்கே இல்லையடி."

"கை இருக்குத்தானே?"

அந்தக் கேள்வி ஜெனிற்றாவுக்குப் பிடித்திருந்தது. தேவாலயப் பீடத்தில் வைத்து எடுத்த ரோசாவையும் செவ்வந்தியையும் கேட்டு வாங்கினாள். இதழ் இதழாகப் பிய்த்துப் பழைய பேப்பரில் பரப்பி, அறைக்குள் காற்றாடியின் கீழே காயவிட்டாள். வெயில் நிறத்தைத் தின்றுவிடும். தேசிக்காய்த் தோலைச் சீவி உலர்த்தினாள். துளசி இலை, நொறுக்கிய கறுவாப்பட்டை, கராம்பு, துண்டு துண்டாக வெட்டிய வெட்டிவேர். எல்லாம் கண்ணாலும் விரலாலும்தான். கிள்ளினால் சருகாகச் சத்தம் போடும் இதழ் காய்ந்த இதழ்.

(இங்கே மல்லிகையைப் பற்றி ஒரு முழுப் பந்தி இருந்தது. நானும் வீட்டில் செய்துபார்த்தேன். மல்லிகை காய்ந்ததும் பழுப்பாகிச் சும்மா கிடந்தது, வாசமே இல்லை. பந்தியும் அப்படித்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

கலந்ததை மூடிபோட்ட வாளியில் சில கிழமைகள் ஊறவிட வேண்டும். அப்போதுதான் தனித்தனி வாசங்கள் ஒன்றாகும். ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கடைசியாகப் போட்ட இதழ்களில் ஈரம் இருந்திருக்கிறது. விரலுக்கு அது தெரியவில்லை.

கிளறும்போதெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் நீட்டினாள்.

"நல்ல வாசம் மச்சாள்" என்றாள் லவீனா.

"சோக்கான வாசம்" என்றான் றஞ்சித்.

சட்டை தைக்க வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

4

ஒருநாள் மத்தியானம் பைகளைத் தைத்து அடுக்கிவிட்டு மூடியைத் திறந்தாள்.

[அவளுடைய நாசியில் மூடிக்கிடந்த கதவொன்று மெல்லத் திறந்து…]

இல்லை, கதவு எதுவும் திறக்கவில்லை. அவள் சொன்னது: "ஆரோ மூக்குக்குள்ளை ஈரச்சாக்கைத் திணிச்ச மாதிரி." முதலில் தலையிடி தொடங்குகிறது என்றுதான் நினைத்தாளாம். பிறகு முகத்தை வாளிக்குள் விட்டு நன்றாக இழுத்தாள்.

பூஞ்சணம்.

"இஞ்சேருங்கோ! ஓடிவாங்கோ! நாறுது!"

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த றஞ்சித் விழுந்தடித்து ஓடிவந்தான். ஜெனிற்றா வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது.

"நாறுது! அழுகின நாத்தம்!"

"ஓம், அது நாலைஞ்சு நாளா நாறுது" என்றான் அவன், யோசியாமல்.

ஜெனிற்றா வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்?"

"…தெரியும்."

"லவீனாவுக்கு?"

"அவளுக்கும் தெரியும். எப்பிடிச் சொல்லுறதெண்டுதான்…"

"சோக்கான வாசம் எண்டனீங்கள்!"

"நீ அவ்வளவு ஆசையாக் கொண்டந்து நீட்டினாய். நான் என்ன சொல்ல?"

"நாறுது எண்டு சொல்லியிருக்கோணும்! கலியாணத்துக்கு வந்த சனத்தின்ரை கையிலை இந்த நாத்தத்தைக் குடுத்திருப்பனே!"

திட்டிக்கொண்டே அவள் வீடு முழுக்க ஓடினாள். மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தாள்: இருந்தது. குளிக்கிற சவுக்காரம்: இன்னும் இல்லை. கராம்பு: கொஞ்சம். அவனுடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து மணந்தாள். "சீ, உந்தச் சேர்ட்டைத் தோய்க்கப் போடுங்கோ" என்று கத்திவிட்டு அதிலேயே முகத்தைத் துடைத்தாள்.

(கோபத்தை ஒரு பந்தியிலும் சந்தோசத்தை அடுத்த பந்தியிலும் வைக்கப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.)

5

இடைச்செருகல். இந்தக் கலவைக்கு போப்புரி என்று பெயர். எழுத்தைச் சரிபார்க்கப் போய்த்தான் அறிந்தேன்: பிரெஞ்சில் அதன் நேர்ப்பொருள் அழுகிய பானை. நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் சந்தேகிப்பீர்கள் என்று இதை நீக்கினேன், பிறகு மனம் கேட்காமல் திரும்பச் சேர்த்தேன். ஜெனிற்றாவிடம் சொன்னபோது, "அப்ப நான் சரியாத்தான் செய்திருக்கிறன்" என்றாள்.

6

முடிவுக்கு வருகிறேன். ஒரு முடிவில், கலியாணத்தன்று அவளுடைய மூக்கு மறுபடி அடைத்துக்கொள்கிறது. சோகம் கனதியாக இருக்கும் என்று எழுதினேன். அது பொய், வெட்டிவிட்டேன். இன்னொன்றில் மண்டபமே ரோசா மணக்கிறது. அதுவும் பொய்.

உண்மையில், வாளியில் இருந்ததெல்லாம் முருங்கையடிக்குப் போனது. பைகளுக்குள் பூவே இல்லை. கறுவாவும் கராம்பும் வெட்டிவேரும்தான். ஒவ்வொன்றையும் ஜெனிற்றா தானே மணந்து பார்த்துக் கட்டினாள். லவீனா மூக்கில் வைத்துவிட்டு, "கராம்பு கூடிப்போச்சு மச்சாள்" என்றாள். ஜெனிற்றாவுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்ததாம்.

மிச்சம் ஒன்றுதான். மணம் திரும்பிய அன்று பின்னேரம் அவள் றஞ்சித்திடம் கேட்டிருக்கிறாள்: "இனி நாறினால் நாறுது எண்டு சொல்லுவியளோ?"

அவன் சொன்ன பதிலை ஜெனிற்றா என்னிடம் சொன்னாள், எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அதைத் தவிர உங்களுக்குத் தர என்னிடம் ஒன்றுமில்லை. இவ்வளவு தூரம் அவனோடு வந்திருக்கிறீர்கள். கீழே இருக்கும் வசனத்தை நீங்களே முடியுங்கள்.

றஞ்சித் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு,