நாலுமுனையில் நின்ற மாப்பிள்ளை

தமிழழகனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவனுக்கு. இன்னொன்று அவனைப் பெற்ற ஆண்டாளுக்கு.

பன்னிரண்டு வயதில் அப்பா நாராயணசாமி புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது இரண்டு தரம் விழுந்தான். மூன்றாம் தரம் ஏறவே இல்லை. ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது. சாயங்காலம் தெருமுனை தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போவான், வேலிக்காத்தான் புதர் மறைவில் உட்கார்ந்திருப்பான், இருட்டுவதற்குள் தள்ளிக்கொண்டு திரும்புவான். ஆண்டாள் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து அவன் கால்சட்டை ஓரத்தில் தடவிவிடுவாள். கரும்புத் தோட்டத்திலிருந்து வரும் நாராயணசாமி அந்தக் கறையைப் பார்த்து, "செயின்ல மாட்டாம ஓட்டுடா" என்று பெருமையாகத் திட்டுவார்.

பிறகு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஆலைக்கு ஐந்து நிமிஷ நடை. ரகசியம் பத்திரமாக இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் பெண் பார்த்து முடித்தபோதுதான் ஆபத்து வந்தது. பெண் இசைவாணி பால்வாடி டீச்சர். அவளுடைய அப்பா வெங்கடேசனிடம் நாராயணசாமி வேறெதுவும் கேட்கவில்லை. பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் கேட்டார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. கல்யாணம் வைகாசியில். முந்தின சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வந்திருக்க வேண்டும். சங்கராபுரம் வழியில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். விடிந்து, போலீஸ் மரத்தை இழுத்துப் போட்ட பிறகுதான் மாப்பிள்ளைக் கார் கிளம்பியது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கள்ளக்குறிச்சி நாலுமுனைக்கு வந்து சேர்ந்தது. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. மண்டபம் சேலம் ரோட்டில் ஊர்க்கோடியில், இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

நாலுமுனையின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'பஸ், சைக்கிள் மட்டும்'. காரும் லாரியும் டிராக்டரும் சிக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் கூட்டம் சேர்கிறது என்று யாரோ ஓர் அதிகாரி கண்டுபிடித்து, பத்து நாளாக இந்த ஏற்பாடு. கண்ணாடி உடையும் என்று பயந்து அன்றைக்கு பஸ்ஸும் ஓடவில்லை. ஆகவே நாலுமுனையில் சைக்கிள்கள் மட்டும் நாலு பக்கமும் மணியடித்துக்கொண்டு போயின.

ஏட்டு தனசேகரன் மூங்கிலின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்யாண காருங்க. வுடுங்க" என்றார் நாராயணசாமி.

"பஸ்ஸா, சைக்கிளா?"

"மாப்பிள்ள உள்ள கீறாரு, பாருங்க."

"மாப்பிள்ள ஏறிக்கினா காரு சைக்கிளாயிடுமா? போன வாரம் ஒரு காரை வுட்டுட்டு நான் வாங்கின மெமோ இன்னும் பாக்கெட்லதான் இருக்குது. காட்டட்டுமா?"

பின்னால் வேனில் வந்த சொந்தக்காரர்கள் வரிசைத் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். தமிழழகனும் காரை விட்டு இறங்கி, "நானும் நடந்தே போறேம்பா" என்றான்.

"வெயில்ல வேர்த்து ஒழுவிக்கினு, ரெண்டு கிலோமீட்டரு, மாப்பிள்ள நடந்து வந்தான்னு பொண்ணு வூட்ல சொல்லணுமா?" என்ற நாராயணசாமி சுற்றிலும் பார்த்தார். மூலையில் ராணியம்மாளின் வாடகை சைக்கிள் கடை. அவர் முகம் மலர்ந்தது. "தோ கீது. எம் பையன் காத்து மாதிரி ஓட்டுவான். எட்டு நிமிஷத்துல போயிடுவான்."

ஆண்டாள் வானத்தைப் பார்த்தாள்.

ராணியம்மாள் பதினேழாம் நம்பர் சைக்கிளைத் துடைத்து நிறுத்தினாள். தமிழழகன் ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து பார்த்து, "செயின் லூசா இருக்குது" என்றான். அடுத்து நாலாம் நம்பர் வந்தது. "பிரேக் புடிக்கல." நல்லதாக ஒன்றை உள்ளேயிருந்து உருட்டி வந்தாள். போன மாதம் வாங்கியது, சீட்டில் இன்னும் பாலித்தீன் உறை பிரிக்கவில்லை.

"சீட்டு ஒசரம்" என்றான் தமிழழகன்.

இருபது வருஷமாக சைக்கிள் வாடகைக்கு விடுகிறவள் ராணியம்மாள். ஓட்டத் தெரிந்தவன் ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடிப்பான். மாப்பிள்ளையோ முட்ட வரும் கன்றுக்குட்டியின் கொம்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பட்டுச் சட்டையின் கழுத்து நனைந்திருந்தது.

"ஒசரத்த எறக்கணும்னா ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் வூட்ல கீது. எட்டாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, தன் லேடீஸ் சைக்கிளில் ஏறி, வீட்டுக்குப் போகாமல் நேராக மண்டபத்துக்கு மிதித்தாள்.

மணமகள் அறையில் இசைவாணி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராணியம்மாளை அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடை சைக்கிளில்தான் ஊர் ஊராகப் போனாள். ராணியம்மாள் காதோரம் குனிந்து இரண்டு வரி சொன்னாள். இசைவாணி முதலில் நம்பவில்லை. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு சைக்கிள்லயும் கொற சொன்னாரா?"

"மூணுலயும். நாலாவது குடுத்தாலும் சொல்வாரு."

இசைவாணி மாலையைக் கழற்றி ராணியம்மாளிடம் கொடுத்தாள். பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் சொருகினாள். சமையல்கட்டு வழியாக வெளியே வந்து, லேடீஸ் சைக்கிளில் ஏறினாள். சாம்பார் கிளறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வாசல்வரை வந்து பார்த்தார்.

நாலுமுனையில் நாராயணசாமி, சீட்டு உயரத்துக்கு எதற்கு ஸ்பேனர், எக்கி ஏறினால் ஆகாதா என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். மணி பத்து பதினாறு. நெற்றிச்சுட்டி ஆட, மூச்சிரைக்க, மணப்பெண் வந்து பிரேக் போட்டதும் ஏட்டு உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறுங்க" என்றாள் தமிழழகனிடம்.

"எங்க?"

"பின்னால."

"இன்னாம்மா இது? அவன் ஓட்டுவான்" என்றார் நாராயணசாமி.

"ஓட்டுவாரு மாமா. ஆனா பட்டு வேட்டி செயின்ல மாட்டிக்கினா கிழிஞ்சிடும். கிழிஞ்ச வேட்டியோட மணையில ஒக்காரணும். இதுல செயினுக்கு மூடி கீது." அவள் தமிழழகனைப் பார்க்காமலே சொன்னாள். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. காது சிவந்தது. கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்தான்.

தனசேகரன் தொண்டையைக் கனைத்தார். "டபுள்ஸ் போவக்கூடாது."

"பலகையில சைக்கிள்னுதான் போட்டு கீதுங்க. எத்தினி பேருனு போடல."

ஏட்டு பலகையைத் திரும்பிப் படித்தார். உண்மைதான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான் டீ குடிக்கப் போறேன். டீ குடிக்கறப்ப எனக்கு முதுகுப் பக்கம் ஒண்ணும் தெரியாது" என்று டீக்கடையைப் பார்த்து நடந்தார்.

சைக்கிள் சேலம் ரோட்டில் திரும்பியது. தட்டோடு நடந்துகொண்டிருந்த சொந்தக்காரர்கள் வழிவிட்டு வாயைப் பிளந்து நின்றார்கள். அவர்களைத் தாண்டியதும் இசைவாணி கேட்டாள்.

"எவ்ளோ வருஷமா ஓட்டத் தெரியாது?"

"பொறந்ததுலருந்து."

"அப்புறம் மோட்டார் வண்டி எதுக்குக் கேட்டீங்க?"

"நான் கேக்கல. அப்பா."

"வேணாம்னு சொல்ல வாயில்லியா?"

அவன் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். "சொன்னா ஏன்னு கேப்பாரே."

அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் இரண்டு தரம் வளைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மண்டபத்து வாழைமரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவள் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அந்த வண்டி வாசல்ல மாலை போட்டு நிக்குது. தாலி கட்டினதும் என்னப் பின்னால ஏத்திக்கினு நீங்க ஒரு சுத்து வரணுமாம். உங்க அப்பா எங்க அப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்காரு. எனக்கு உயிர் மேல ஆச. வண்டி வேணாம்னு இன்னிக்கே எல்லார் முன்னாடியும் சொல்றீங்களா?"

"கல்யாணம் முடியட்டும். ஒரு வாரம் பொறுத்து..."

"அப்ப நடந்து வாங்க. மணி பத்து இருவத்திரண்டு."

அவன் மண்டபத்தைப் பார்த்தான். அவள் முதுகைப் பார்த்தான். வேர்த்து ரவிக்கை ஒட்டியிருந்த அந்த முதுகு அசையவில்லை. தன்னைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் மிதித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சொல்றேன்" என்றான்.

"சத்தமா சொல்லணும்."

"சத்தமா சொல்றேன்."

அவள் மிதித்தாள். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

நாராயணசாமியும் ஆண்டாளும் மிதிக்க ஆள் பிடித்து, கால் மணி கழித்து இரண்டு வாடகை சைக்கிள்களின் கேரியரில் வந்து இறங்கினார்கள். நாராயணசாமி வந்த வேகத்தில், "சம்பந்தி, சாவியக் குடுங்க. ஒரு சுத்து வரட்டும்" என்றார். வெங்கடேசன் சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். தமிழழகன் எழுந்து நின்றான். இசைவாணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"வண்டி வேணாம்பா. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார்.

"இன்னாடா சொல்ற? கால்சட்டை பூரா கிரீஸ் வருமே."

"அது வெளக்குக் கரி" என்றாள் ஆண்டாள், பாக்கை வாயில் போட்டுக்கொண்டே. "நல்லெண்ணெயில கொழச்சது. நாந்தான் தடவினேன்."

நாராயணசாமி மனைவியையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பந்திக்குப் போய் உட்கார்ந்தார். பாயசம் வேண்டாம் என்று இலையை மறைத்தார். டூட்டி முடிந்து சாப்பிட வந்திருந்த தனசேகரன் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். வெங்கடேசன் மறுநாளே வண்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தனக் கறையைத் துடைக்கத்தான் அரை நாள் ஆயிற்று.

நாராயணசாமி ஒரு மாதம் மகனோடு பேசவில்லை. மருமகளிடம் மட்டும், தேவைக்கு, இரண்டு வார்த்தை.

ஆலையில் அரவை இல்லாத காலம். கரும்பு வண்டிகள் நிற்கும் மைதானம் காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இசைவாணி அங்கே சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட, தமிழழகன் மிதித்தான். முதல் ஞாயிறு சக்கைக் குவியலில் விழுந்தான். இரண்டாம் ஞாயிறு அவள்மேல் விழுந்தான். மூன்றாம் ஞாயிறு வேப்பமரத்தடியில் யாரோ குடையோடு நிற்பதை இசைவாணிதான் முதலில் பார்த்தாள். அவள் அதைச் சொல்லவில்லை. சீட்டிலிருந்து கையை மட்டும் எடுத்துவிட்டாள்.

சைக்கிள் ஆடிக்கொண்டே முன்னால் போனது. பத்து கஜம், பதினைந்து கஜம்.

"கீழ பாக்காதடா, நேராப் பாரு" என்று வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது.