ஒரு கிலோ ஷீட்டுக்கு எத்தனை நிமிடம்

ஒரு கிலோ ரப்பர் ஷீட்டுக்கு இருபத்துநாலு நிமிட உழைப்பு என்று திருநாவுக்கரசுவின் கணினி சொன்னது. தினமும் ஏழு மணிக்கு வாளி தூக்கும் இந்திராணிக்கு அது தப்பு என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

சுனாமிக்குப் பிறகு ஐந்தாம் வருடம் அது. அந்தமானில் ரங்கத் பக்கத்துத் தோட்டத்து ஷீட்டை வெளிநாட்டுக்காரன் வாங்க வேண்டுமானால் மூன்று மார்க் வேண்டுமாம்: காட்டுக்கு என்ன கெடுதல், என்ன செலவு, மனிதருக்கு என்ன பாடு. அளக்க வந்த மெயின்லேண்ட் நிபுணர் திருநாவுக்கரசு மரத்தடிக்கே போகவில்லை, அட்டைக்குப் பயம். ஆபீசில் இளநீர் குடித்தபடியே மனிதர்களை அளந்து முடித்துவிட்டார்.

ஆள் வருகையைக் குறிக்கும் ஹாஜிரி புத்தகத்தில் அந்த வீட்டிலிருந்து இருந்தது இந்திராணியின் கணவன் நல்லதம்பி ஒருவன்தான். முந்நூறு மரம், நாலு மணி நேரம், பத்து கிலோ. நேரம் மிச்சமிருக்கிறது, இனி ஆளுக்கு நானூறு மரம் என்று கணக்கப்பிள்ளை சந்திரமோகன் நோட்டீசே எழுதிவிட்டான். அந்த நூறு மரமும் இந்திராணியின் இடுப்பில்தான் ஏறும்.

தோட்டத்து வழக்கம் அப்படி. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் ஆண் விடியலிலேயே பட்டையைச் சீவிக்கொண்டு போவான். அவன் கடைசி மரத்தைத் தொடுவதற்குள் முதல் சிரட்டை நிரம்பிவிடும். உறைவதற்குள் அதை எடுப்பவள் பெண்டாட்டி. வடிகட்டுவது, ஆசிட் ஊற்றுவது, உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக்குவது எல்லாம் அவளே.

"என் பேர் எங்க சார்?" ஆபீசுக்கே வந்து நிபுணரிடம் கேட்டாள் இந்திராணி.

"இருக்கேம்மா. 'பயனாளி'ன்னு போட்டிருக்கேன். கணவர் சம்பளத்துல பயன் பெறுபவர்."

"இடுப்பு ஒடிஞ்சதும் அந்தப் பயன்ல சேத்தியா?"

சந்திரமோகன் பல்லைக் காட்டினான். "ஹாஜிரி நம்பர் இல்லாத ஆளை மிஷின் எடுக்காது புள்ள. போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. திரையில் முதல் பத்தியைப் படித்தாள். தண்ணீர், ஆசிட், விறகு; ஒவ்வொன்றும் கிலோவுக்கு இவ்வளவு என்று இருந்தது.

"கிலோவுக்கு இம்புட்டுத் தண்ணின்னு போட்டிருக்கீங்களே சார், தண்ணிகிட்ட ஹாஜிரி நம்பர் கேட்டீங்களா?"

"தண்ணிக்கு எதுக்கும்மா? ஷீட்டுல இருந்து பின்னாடி போய், அதைச் செய்யச் செலவானதை எல்லாம் எண்ணுவோம்."

"மனுசரையும் அப்படியே எண்ணுங்க. வாங்குறவன் நாளைக்கு இங்க வந்து, வாளியோட நிக்கிறது யாருன்னு கேட்டா, பயனாளின்னு சொல்லுவீங்களா?"

நிபுணர் இளநீரைக் கீழே வைத்தார். ஹாஜிரி நம்பர் கேட்கும் கட்டத்தை அழித்துவிட்டு, வேலை வாரியாக எழுதினார்: பத்து கிலோவுக்குச் சீவல் நாலு மணி நேரம், பால் எடுப்பு இரண்டு, ஷீட் போடுவது மூன்று. ஆக, கிலோவுக்கு ஐம்பத்துநாலு நிமிடம், இரண்டு பேர் உழைப்பு. மிச்ச நேரம் கிடையாது, நானூறு வேண்டாம், ஆளுக்கு முந்நூறு மரம்தான் என்று கடைசியில் சேர்த்தார்.