கதவுக்கு வெளியே ஒரு பலகை

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், அவளுடைய அப்பா, அம்மா, அப்பாவின் அண்ணன், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த ஒருங்கிணைப்பாளர். ஆறாவதாக யாரும் இல்லை. இதைச் சொல்லிவைப்பது நல்லது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு கதை அளந்தவர்கள் உண்டு.

மேசைமேல் இரண்டு கடிதங்கள், இரண்டும் கோடைப் பள்ளிக்கான அழைப்பு. ஒன்று கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்தினுடையது: நான்கு வாரம், காலையில் வகுப்பு, மாலையில் கணக்கு. மற்றது துகள் முடுக்கி வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தினுடையது: ஆறு வாரம், கருவியிலேயே கைவைத்து வேலை. ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் அனுப்பியாக வேண்டும். அப்போது மணி மூன்றேகால்.

பெண்ணின் மனம் முடுக்கியில்தான் இருந்தது. பெரியப்பா முப்பத்தொரு வருடம் அங்கே முடுக்கியை இயக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். ஓய்வுபெற்ற நாளில் கொடுத்த கேடயம் கூடத்துச் சுவரில் இருந்தது. அவருடைய வலது கைச் சுட்டுவிரல் பாதிதான் இருக்கும். பட்டறைக் கடைசல் இயந்திரம் வாங்கிக்கொண்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சொன்னவர் அவரேதான். சொன்ன சொல்லை மாற்றிப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

பெரியப்பாவுக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மாணவியின் சம்மதத்தை வாங்க ஒருங்கிணைப்பாளரே வீடு தேடி வருவது எந்த ஊர் வழக்கம்? தனக்குக் கீழே வேலை பழகிய ஆள், மரியாதைக்காக வந்திருக்கலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் வந்தவர் தேநீர் ஆறுவதற்குள் விஷயத்தைக் கக்கிவிட்டார். போன வருடம் ஒரு மாணவி பாதியில் கிளம்பிப் போய்விட்டாளாம். அதிலிருந்து கல்லூரிகளில் ஏதேதோ பேசுகிறார்களாம்.

“உங்க வீட்டுப் பொண்ணே வருதுன்னா எல்லார் வாயும் அடைஞ்சிடும் சார்” என்றார்.

தம்பிக்கு, பெண்ணின் அப்பாவுக்கு, உச்சி குளிர்ந்துவிட்டது. பெண்ணோ பெருமையில் மயங்கவில்லை. அழைப்போடு வந்த அறிவுரைத் தாளை ஒரு வரி விடாமல் படித்துவைத்திருந்தாள். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை எங்கே மாட்டிக்கொள்ள வேண்டும், சட்டையிலா இடுப்பிலா என்று கேட்டாள்.

ஒருங்கிணைப்பாளர் சிரித்தார். “அந்தக் கவலையே உனக்கு வேண்டாம்மா. கதவுக்கு வெளிய ஒரு பலகை இருக்கு. அதுல மாட்டிட்டு உள்ள போயிடணும். உங்க பெரியப்பா போட்டுக்குடுத்த பழக்கம், இன்னும் மாறல.”

அப்பாவும் கூடச் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை. பேட்ஜ் வெளியே தொங்கினால் அது சுவரில் விழுவதைத்தான் அளக்கும், உடம்பில் விழுவதை அல்ல. அவள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடுக்கியின் துகள் கற்றை பாயும் அறைக்கு ஒரு பூட்டு உண்டு, கதவைத் திறந்தால் கற்றை தானாக நின்றுவிடும். திரும்பக் கொண்டுவர நாற்பது நிமிடம் ஆகும். ஆய்வு முடிவுகளைக் கேட்டு மேலிடம் நெருக்கிய ஒரு வருடத்தில், பூட்டை ஏமாற்ற அவர் ஒரு சாவி அடித்தார். அந்தச் சாவியால் திறந்தால் கற்றைக்குக் கதவு திறந்ததே தெரியாது. கற்றைக்கு முன்னால் வைத்த சோதனைத் தகடு சாய்ந்தால், ஓடிப்போய் நிமிர்த்திவிட்டு ஓடிவர அரை நிமிடம் போதும். பேட்ஜில் பதிந்தால் விசாரணை வரும். ஆகவே பலகை. மாதாமாதம் அளவு சுத்தமாக வந்தது. பாராட்டும் வந்தது.

ஓய்வுபெற்றபோது அந்தச் சாவியை இந்த ஆளிடம்தான் கொடுத்தார். ஒழித்துவிடு என்று சொல்லித்தான் கொடுத்தார்.

“அந்தச் சாவி?” என்றார் பெரியப்பா.

“பத்திரமா இருக்கு சார்.” ஒருங்கிணைப்பாளர் சட்டைப்பையிலிருந்து கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, நடுவே அந்தப் பித்தளைச் சாவி. புழங்கிப் புழங்கி அதன் பற்கள் மழுங்கியிருந்தன.

“போன வருஷம் போன பொண்ணு, எதுக்குப் போச்சு?”

“கையில ஏதோ அலர்ஜி சார். தோல் சிவந்து உரிஞ்சுது.”

“எத்தனையாவது வாரம்?”

“மூணாவது.”

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பெரியப்பா வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர் பெயர் பெயராகவே இருந்திருக்கும். தம்பியின் முகத்தில் பெருமை இன்னும் வடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும். வலது கையை மெல்லத் தூக்கி, இரண்டு கடிதங்களுக்கும் நடுவே வைத்தார்.

“இது கடைசல்ல போனதில்ல” என்றார்.

பெண்தான் கேட்டாள். “எவ்ளோ நேரம் பெரியப்பா?”

“அரை நிமிஷம்கூட இல்ல. வலியே தெரியல. மூணாவது வாரம்தான் தோல் உரிஞ்சுது. அப்புறம் விரல வெட்டிட்டாங்க.”

“அப்ப இத்தனை வருஷமா எங்ககிட்ட சொன்னது என்ன மாமா?” என்றாள் அம்மா. தம்பி எழுந்துபோய் சன்னலோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பெண் முடுக்கிக் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்தாள். மடித்து உறையில் போட்டாள். கோட்பாட்டு நிறுவனத்துக்குச் சம்மதம் அனுப்பியபோது மணி நாலு பத்து. முகத்தில் ஏமாற்றம் இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “இடம் காலியா கிடக்காது சார். வரிசையில அடுத்த பேர் ரெடியா இருக்கு” என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

வெளிச்சம் இருக்கும்போதே பெரியப்பா கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத உட்கார்ந்தார். சாவியை அடித்த வருடம், பலகை, விரல், அந்த மாணவியின் கை, எதையும் விடவில்லை. மறுநாள் காலை பதிவுத் தபாலில் அனுப்பினார். கேடயத்தைக் கழற்றிவிட்டார். அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது.

ஆணையத்திலிருந்து இதுவரை பதில் இல்லை. கோடைப் பள்ளி குறித்த திங்கட்கிழமையன்று தொடங்கியது. எட்டு மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பலகையில் எட்டு பேட்ஜ் தொங்கும். பெரியப்பா காலையில் எழுந்ததும் நாள்காட்டியின் முன் போய் நிற்கிறார். இது மூன்றாவது வாரம்.

உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உலவுகிறது. ஆய்வுக்கூடம் அந்தப் பெண்ணை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாம், அந்த ஆத்திரத்தில் பெரியப்பா மொட்டைக் கடிதம் போட்டாராம். யாரும் அவளைத் தள்ளவில்லை. அழைப்புக் கடிதம் வீட்டில் இருக்கிறது. பெரியப்பா எழுதியது மொட்டைக் கடிதமும் அல்ல. அடியில் முழுப் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இருக்கின்றன.